மரம் வெட்டும் செலவும் இணையக் கணிப்பானும்

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் பழைய புறநகர்க் குடியிருப்புகளில் வீடு வாங்கியவர்களுக்கு, வீட்டோடு சேர்ந்து பெரிய மரங்களும் வந்துவிடுகின்றன. ஓக், மேப்பிள், ஆஷ் என்று அறுபது எழுபது அடி உயர்ந்து நிற்கும் அந்த மரங்களில் ஒன்று பட்டுப்போகும்போதுதான் அதை அகற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் தேவைப்படும் என்பது தெரியவருகிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற ஆஷ் மரம் பட்டுப்போனபோது, நானும் மற்றவர்களைப் போலவே முதலில் இணையத்தில் கிடைக்கும் விலைக் கணிப்பான்களைத்தான் நாடினேன். அவற்றைப் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். எந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்து பயன்படுத்தினால் அவை உதவவே செய்கின்றன. ஆனால் கணிப்பான் விலை சொல்வது மரத்துக்கு. வேலைக்கு வருபவர் விலை சொல்வது மரம் நிற்கும் இடத்துக்கு. இரண்டுக்கும் இடையில் எங்கள் விஷயத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

இந்தப் பகுதியில் ஆஷ் மரங்கள் தெருத்தெருவாகச் சாவதற்குக் காரணம், மரகதப் பச்சை நிறத்தில் மின்னும் அரை அங்குல நீள வண்டு ஒன்று. எமரால்டு ஆஷ் போரர் எனப்படும் இந்த வண்டு கிழக்காசியாவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2002இல் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகருக்கு அருகிலும், நியூ ஜெர்சியில் 2014இல் சாமர்செட் கவுண்டியைச் சேர்ந்த பிரிட்ஜ்வாட்டரிலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வளர்ந்த வண்டு இலையைக் கொறிப்பதால் மரத்துக்குப் பெரிய கேடில்லை. அதன் புழுதான் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து குடைந்து, நீரும் உணவும் செல்லும் வழியை அறுத்துவிடுகிறது. மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்குகிறது. புழுவைத் தேடி மரங்கொத்திகள் மேற்பட்டையைக் கொத்தி உதிர்ப்பதால் தண்டில் வெளிர்நிறத் திட்டுகள் தோன்றுகின்றன. மருந்து செலுத்தாத மரம் சில ஆண்டுகளுக்குள் முற்றிலும் பட்டுப்போகிறது. இந்தப் பூச்சி வரலாற்றுக்கும் வெட்டும் கூலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

மரத்தை வெட்ட இவ்வளவு செலவாகிறது என்று ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, வெட்டுபவர்கள் அல்லவா நமக்குப் பணம் தர வேண்டும் என்று அவர் கேட்டார். அவருடைய கேள்வியில் தவறில்லை. நம் பக்கத்தில் வேம்போ தேக்கோ விற்பனைக்கு நின்றால், மரவாடிக்காரர் வந்து நாடாவால் சுற்றளவு எடுத்து, அதை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடிக் கணக்குச் சொல்லி, பேரம் பேசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மரத்தைக் கொண்டுபோவார். அந்தக் கால்சுற்றளவுக் கணக்கு உருளையின் உண்மையான கன அளவில் சுமார் 78 சதவீதத்தைத்தான் காட்டும்; பட்டை, அறுப்புச் சேதாரம் ஆகியவற்றுக்கான கழிவு அதிலேயே அடங்கிவிடுகிறது என்று கொள்ளலாம். இங்கே ஒரே ஒரு கொல்லைப்புற மரத்துக்காக அறுப்பு ஆலையிலிருந்து லாரி அனுப்ப யாரும் முன்வருவதில்லை. வீட்டு மரங்களில் பழைய ஆணியும் வேலிக்கம்பியும் புதைந்திருக்கும் என்பதால், அவற்றில் பட்டு வாளின் பல் போய்விடும் என்ற அச்சமும் ஆலைக்காரர்களுக்கு உண்டு. அதற்கும் மேலாக, மரம் ஏறுபவரின் ஒரு மணி நேரக் கூலியும் அவருக்கான காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்தால், அந்த மரத்துண்டுகளின் விலை கணக்கிலேயே வராது. கட்டையை விறகுக்காக நாமே வைத்துக்கொண்டால் ஏற்றிச் செல்லும் செலவில் கொஞ்சம் குறையும். நமக்குக் கிடைக்கக்கூடிய ‘மரத்தின் விலை’ அவ்வளவுதான்.

இனிக் கணிப்பானுக்கு வருவோம். பெரும்பாலான கணிப்பான்கள் கேட்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: அஞ்சல் குறியீடு, மரத்தின் உயரம், தண்டின் விட்டம், அடிக்கட்டையையும் எடுக்க வேண்டுமா, வெட்டிய கிளைகளை அப்புறப்படுத்த வேண்டுமா. சில கணிப்பான்கள் மரத்தின் வகையையும், வீட்டுக்கும் மின்கம்பிக்கும் எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதையும் கேட்கின்றன. எல்லாவற்றையும் நிரப்பியதும் குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று ஒரு வீச்சு வரும். எங்கள் மரத்துக்கு வந்தது 900 முதல் 1,800 டாலர் வரை. அந்த வீச்சின் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரு மடங்கு என்பதைக் கவனித்தாலே, தன் கணக்கின் மீது கணிப்பானுக்கே எவ்வளவு உறுதி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

உள்ளே கொடுக்கும் அளவு சரியாக இல்லாவிட்டால் இந்த வீச்சுக்கும் பொருளில்லை. விட்டத்தை அமெரிக்காவில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் எடுக்கிறார்கள்; மார்பளவு உயரத்து விட்டம் என்று அதற்குப் பெயர். தையல் நாடாவை அந்த உயரத்தில் தண்டைச் சுற்றிப் பிடித்து, வரும் சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் போதும். எங்கள் மரத்தின் சுற்றளவு 75 அங்குலம். எனவே விட்டம் சுமார் 24 அங்குலம். சரிவான நிலத்தில் மரம் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து நாலரை அடியைக் கணக்கிட வேண்டும். சுற்றளவை விட்டம் என்று நினைத்துப் பதிபவர்களுக்குக் கணிப்பான் மலைப்பூட்டும் தொகையைக் காட்டும். அடிவேர் புடைத்திருக்கும் தரைமட்டத்தில் அளப்பவர்களுக்கும் எண் கூடியே வரும்.

உயரத்தை அளக்க ஏணி வேண்டியதில்லை. கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரத்துக்குச் சமமான நீளமுள்ள குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். குச்சியின் கீழ் முனை மரத்தின் அடியோடும் மேல் முனை மரத்தின் உச்சியோடும் பொருந்தித் தெரியும் இடத்தில் நின்றால், அங்கிருந்து மரம் வரையுள்ள தூரமே மரத்தின் உயரம். கொல்லையில் அவ்வளவு தூரம் பின்னால் போக இடமில்லாவிட்டால் நிழலை அளந்து விகிதம் போடலாம். இதில் சிரத்தை எடுப்பது வீண்வேலை அல்ல. பல கணிப்பான்கள் உயரத்தை 30 அடிக்குள், 30 முதல் 60 வரை, 60 முதல் 80 வரை, அதற்கு மேல் என்று படிகளாகப் பிரித்திருக்கின்றன. 58 அடி மரத்தை 62 அடி என்று மதிப்பிட்டால், மரம் அப்படியே நிற்க, விலை மட்டும் அடுத்த படிக்குத் தாவிவிடும்.

உயரத்துக்குக் கணிப்பான்கள் தரும் முக்கியத்துவம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. வேலை செய்பவர்களை வருத்துவது எடை. எடை உயரத்தோடு ஒரு மடங்காகவும் விட்டத்தோடு அதன் வர்க்கமாகவும் கூடுகிறது. 24 அங்குல விட்டமும் 70 அடி உயரமும் கொண்ட மரத்தின் அடித்தண்டின் வெட்டுப் பரப்பு சுமார் 3.1 சதுர அடி. தண்டு மேலே போகப்போகச் சிறுத்துவிடுவதால், பரப்பையும் உயரத்தையும் பெருக்கிவரும் தொகையில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தை எடுத்துக்கொண்டால் 90 கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஈரம் காயாத ஆஷ் மரம் கன அடிக்கு 48 பவுண்டு அளவில் எடையுள்ளது. ஆகவே கிளைகளை விட்டுவிட்டுத் தண்டு மட்டுமே ஏறக்குறைய இரண்டு டன். அதே உயரத்தில் விட்டம் 36 அங்குலமாக இருந்தால் எடை இரண்டேகால் மடங்காகிவிடும். விட்டம் ஒன்றரை மடங்கு என்பதால் விலையும் ஒன்றரை மடங்கு என்று காட்டும் கணிப்பான், பெரிய மரங்களுக்குக் குறைவான தொகையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பருத்துக் குட்டையான மரம் உங்களுடையதாக இருந்தால், வரும் வீச்சின் மேல் எல்லையையும் தாண்டி யோசிப்பது நல்லது.

நேரில் வந்து பார்த்தவர்கள் மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பு பார்த்தது வேலிக்கதவைத்தான். எங்கள் வீட்டுப் பக்கவாட்டு வேலிக்கதவின் அகலம் மூன்றடி. அதற்குள் நுழையக்கூடிய, பட்டைச் சக்கரங்கள் பொருத்திய சிறிய தூக்குமேடை இயந்திரங்கள் உண்டு. ஆனால் எல்லாரிடமும் இல்லை. கிளைகளை இழுத்துவரும் இயந்திரமும் நுழைய முடியாவிட்டால் ஒவ்வொரு கிளையையும் ஆட்கள் தோளில் சுமந்து, முன்வாசல் தெருவில் நிறுத்தியிருக்கும், கிளைகளைச் சில்லுகளாக்கும் சிப்பர் இயந்திரம் வரை கொண்டுவர வேண்டும். எழுபது அடி மரத்தின் கிளைகளை அவ்வாறு சுமப்பதற்கு ஆகும் நேரம், வெட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட அதிகம். இதே மரம் வீட்டுக்கு முன்புறம், கீழே புல்தரை மட்டும் உள்ள இடத்தில் நின்றிருந்தால், ஒரே சாய்ப்பில் தரையில் விழச் செய்து துண்டுபோட்டுக் கணிப்பானின் கீழ் எல்லைத் தொகையிலேயே வேலையை முடித்திருப்பார்கள்.

அடுத்து அவர்கள் பார்த்தது மரத்தின் கீழே என்னென்ன இருக்கின்றன என்பதை. எங்கள் மரத்தின் ஒரு பக்கம் அண்டை வீட்டாரின் கருவிக் கொட்டகை. இன்னொரு பக்கம் எங்கள் வீட்டின் கூரை. மூன்றாவது பக்கம் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி. இப்படிப்பட்ட இடத்தில் எதையும் கீழே போட முடியாது. மேலே ஒருவர் கயிற்றில் தொங்கியபடி துண்டை அறுக்க, கீழே இன்னொருவர் தண்டைச் சுற்றிய கயிற்றை மெல்ல விட்டு இறக்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால் கட்டுப்பாடு இன்னும் கூடுகிறது: மின்கம்பிப் பணிக்கான தனிப் பயிற்சி பெறாதவர்கள் கம்பியிலிருந்து குறைந்தது பத்தடி விலகியே இருக்க வேண்டும் என்பது இங்குள்ள பாதுகாப்பு விதி. அந்தப் பத்தடிக்குள் மரம் நீண்டிருந்தால் மின்நிறுவனத்தோடு பேசி ஏற்பாடு செய்த பிறகே கை வைக்க முடியும்.

இப்போது வண்டின் கதைக்குத் திரும்ப வேண்டும். பட்டுப்போன ஆஷ் மரம் மற்ற மரங்களைவிட விரைவாக ஈரத்தை இழந்து நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுகிறது. பச்சை மரத்தில் மேலே அறுத்த துண்டு கயிற்றில் விழுந்து நிற்கும்போது ஏற்படும் குலுக்கலைத் தண்டு வளைந்து தாங்கிக்கொள்ளும். பட்ட ஆஷ் தண்டு வளையாமல் முறிந்துவிடக்கூடும், அதுவும் ஆள் அதன் மீது கட்டப்பட்டிருக்கும்போதே. ஆகவே அனுபவமுள்ள ஏறுபவர்கள் முழுதும் காய்ந்த ஆஷ் மரத்தில் ஏற மறுக்கிறார்கள். கிரேனோ, ஆளைக் கூடையில் தூக்கும் லாரியோ, மேலே சொன்ன தூக்குமேடையோ கட்டாயமாகிவிடுகிறது. காய்ந்த மரம் எடை குறைவு, அதனால் வேலை எளிது, விலையும் குறையும் என்று நினைப்பது இயல்புதான், நடப்பதோ நேர்மாறு. வெட்டாமல் ஒத்திப்போடும் ஒவ்வோர் ஆண்டும் விலை ஏறுகிறது. நான் பார்த்த கணிப்பான்களில் சில மரத்தின் நிலையைக் கேட்கவே இல்லை. கேட்டவையும் பட்ட மேப்பிளையும் பட்ட ஆஷையும் ஒன்றாகவே நடத்தின.

எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளிகள் 1,400, 2,600, 3,100 டாலர் என்று அமைந்தன. நடுத்தொகையைச் சொன்னவர் தூக்குமேடை இயந்திரத்தோடு வருவதாகச் சொன்னார். மிகுதியாகச் சொன்னவர் கிரேன் வைத்து, கிளைத்தொகுதிகளை முழுமுழுதாகப் பிடித்து, வீட்டுக் கூரைக்கு மேலாகத் தூக்கித் தெருவில் இறக்கத் திட்டமிட்டிருந்தார். கிரேன் வாடகை அதிகம்தான் என்றாலும், துண்டை அறுப்பதற்கு முன்பே கிரேன் பிடித்துக்கொண்டிருப்பதால் தண்டின் மீது குலுக்கல் விழுவதில்லை. நாள் முழுதும் நீளும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூலி மிச்சமாவதால் இரண்டு தொகைகளுக்கும் இடையிலான வித்தியாசம் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கிரேன் என்ற சொல்லைக் கேட்டதும் மிரண்டு விலகிவிட வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கணிப்பானின் வீச்சுக்குள் அழகாகப் பொருந்தியது 1,400 டாலர் தொகை மட்டுமே. அதனாலேயே அது நியாயமான விலை என்று தோன்றும். அந்தத் தொகையைச் சொன்னவரிடம் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்டபோது, பிறகு அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவில்லை. மரம் வெட்டும் வேலையில் விபத்துகள் அதிகம் என்பதால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் கட்டணமும் மிக அதிகம். ஒருவர் மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு முன்வருகிறார் என்றால் அவர் பெரும்பாலும் மிச்சப்படுத்தியிருப்பது அந்தக் கட்டணத்தைத்தான். அவருடைய ஆள் நம் கொல்லையில் விழுந்து அடிபட்டால் வழக்கு வீட்டுக்காரர் மீது திரும்பக்கூடும். எனவே பொதுப்பொறுப்புக் காப்பீடு, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஆகிய இரண்டுக்குமான சான்றிதழைக் காப்பீட்டு முகவரே நேரடியாக நமக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கைப்பேசியில் காட்டும் படம் போதாது. நியூ ஜெர்சியில் மரப் பராமரிப்புத் தொழில் செய்யும் நிறுவனங்கள் மாநில மர வல்லுநர் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கணிப்பான் காட்டும் சராசரி என்பது காப்பீடு உள்ளவர், இல்லாதவர், மின்கம்பம் அருகே வெட்டியவர், வெட்டவெளியில் சாய்த்தவர் எல்லாரையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி எடுத்த எண்.

சில்லறைச் செலவுகளாகத் தோன்றுபவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘மரம் அகற்றுதல்’ என்று எழுதிய விலைப்புள்ளியில் அடிக்கட்டை பெரும்பாலும் அடங்காது. அடிக்கட்டையை அரைத்து எடுக்க அங்குலத்துக்கு இரண்டு முதல் ஐந்து டாலர் வரை, அது எவ்வளவு குறைந்தாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் என்று வாங்குகிறார்கள். இங்கே அங்குலம் என்பது மார்பளவு விட்டம் அல்ல. தரைமட்டத்தில், வேர்ப்புடைப்பையும் சேர்த்து, மிக அகலமான இடத்தில் எடுக்கும் அளவு. 24 அங்குல மரத்தின் அடிக்கட்டை முப்பதைத் தாண்டிவிடும். கணிப்பானோ நாம் முதலில் கொடுத்த 24ஐ வைத்தே இதையும் கணக்கிட்டுவிடுகிறது. அரைப்பதற்கு முன் 811 என்ற எண்ணை அழைத்தால், மண்ணுக்கடியில் செல்லும் எரிவாயுக் குழாய், மின்கம்பி முதலியவற்றின் தடத்தை இலவசமாகக் குறித்துக்கொடுப்பார்கள். ஒப்பந்தக்காரர் அதைச் செய்துவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரைத்தபின் மிஞ்சும் மரத்தூள் மலைபோல் குவியும். அதை அள்ளிச் செல்வது தனிக் கட்டணம்.

நகராட்சி அனுமதி இன்னொரு செலவு. நியூ ஜெர்சி மாநிலச் சுற்றுச்சூழல் துறை மழைநீர் மேலாண்மை விதிகளின் கீழ், மரம் அகற்றுவதற்கும் மாற்று மரம் நடுவதற்கும் விதி இயற்றும்படி நகராட்சிகளுக்கு அண்மையில் உத்தரவிட்டது. துறை தந்த மாதிரி விதியில், வீட்டு மனையில் ஆறு அங்குலமோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை வெட்டினாலே அனுமதி வேண்டும். மரம் பருமனாக ஆக, ஈடாக நடவேண்டிய கன்றுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஆனால் பட்டுப்போய் ஆபத்தான நிலையில் உள்ள மரத்துக்கு, உரிமம் பெற்ற வல்லுநர் எழுத்தில் சான்று கொடுத்தால் விலக்கு உண்டு. ஊருக்கு ஊர் நடைமுறை மாறுவதால், வெட்டுவதற்கு முன் நகராட்சியில் கேட்டுவிடுவது நல்லது. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே நிற்கும் மரம் நம் வீட்டு வாசலில் இருந்தாலும், அதன் மீதான அதிகாரம் பெரும்பாலும் நகராட்சிக்கே உரியது. அதில் கை வைத்து அபராதம் கட்டியவர்கள் உண்டு.

வீட்டுக் காப்பீடு இந்தச் செலவை ஏற்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் பட்ட மரத்தை வெட்டக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. மரம் விழுந்து வீட்டையோ வேலியையோ உடைத்தால்தான் சேதத்துக்கும், ஒரு வரம்புக்குள் மரத்தை அகற்றும் செலவுக்கும் பணம் கிடைக்கும்; அந்த வரம்பு பொதுவாக மரத்துக்கு 500 அல்லது 1,000 டாலர். அண்டை வீட்டு மரம் நம் கூரை மீது விழுந்தாலும் முதலில் பணம் தர வேண்டியது நம்முடைய காப்பீடுதான். அந்த மரம் பட்டுப்போயிருந்தது அவருக்கு முன்பே தெரியும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே பொறுப்பு அவர் பக்கம் திரும்பும். அண்டை வீட்டாரிடமிருந்து உங்கள் மரம் பட்டுவிட்டது என்று கடிதம் வந்தால், அதைக் குடும்பப் பகையாக எடுத்துக்கொள்ளாமல் சட்டப்படியான அறிவிப்பாக எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணிப்பான்கள் ஏன் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். சில, விலையைக் காட்டுவதற்கு முன்பே பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்கின்றன. கொடுத்த எண் பல ஒப்பந்தக்காரர்களுக்கு விற்கப்படுகிறது. அதை வாங்குபவர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே பணம் கட்டுகிறார்கள். இந்த வணிகத்தில் பெயர்பெற்ற ஹோம் அட்வைசர் நிறுவனம், தான் விற்ற வாடிக்கையாளர் விவரங்களின் தரத்தைப் பற்றி ஒப்பந்தக்காரர்களைத் தவறாக நம்பவைத்தது என்று கூட்டரசு வணிக ஆணையம் 2022இல் குற்றஞ்சாட்டியது. 2023 ஜனவரியில் வெளியான உத்தரவின்படி 72 லட்சம் டாலர் வரை செலுத்த நேர்ந்தது. ஒப்பந்தக்காரர் அந்த எண்ணுக்குக் கொடுத்த பணத்தையும் கடைசியில் நம்மிடமிருந்துதான் எடுப்பார். எண் கேட்காமல் விலை காட்டும் கணிப்பான்களும் உள்ளன. அவற்றை மட்டும் பயன்படுத்துவது என் வழக்கம்.

பயன்படுத்தும் முறையிலும் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு முறை விவரங்களை நிரப்பி வந்த எண்ணை மனத்தில் பதித்துக்கொள்வதைவிட, ஒவ்வொரு விவரமாக மாற்றிப் பார்ப்பது பயன் தரும். மின்கம்பி அருகில் இல்லை என்று ஒரு முறை, இருக்கிறது என்று ஒரு முறை; அடிக்கட்டையோடு ஒரு முறை, அது இல்லாமல் ஒரு முறை. தொகை எந்த இடத்தில் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொண்டால், நேரில் வருபவரின் விலைப்புள்ளியில் எந்த வரியைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். முன்புறப் புல்தரையில் நிற்கும் நல்ல மரமாக இருந்தால் வீச்சின் நடுப்பகுதியை நம்பலாம். கொல்லையில், கூரைக்கும் வேலிக்கும் நடுவில், காய்ந்த நிலையில் நிற்கும் மரமாக இருந்தால், மேல் எல்லையையே தொடக்க விலையாகக் கொண்டு பணத்தைத் திட்டமிட வேண்டும். புயலுக்கு மறுநாள் எந்தக் கணிப்பானும் உதவாது. 2012 அக்டோபரில் சாண்டி புயலில் இந்த மாநிலத்தில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு, கதவைத் தட்டி ரொக்கம் கேட்டவர்களின் விலை எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். மாறாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வேலை குறைவு, இலைகள் இல்லாததால் கிளைகள் தெளிவாகத் தெரியும், உறைந்த தரையில் இயந்திரத்தின் தடமும் ஆழப் பதியாது. நாங்கள் 2,600 டாலர் சொன்னவரிடம் வேலையைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்றதும், அவர் தாமாகவே இருநூறு டாலரைக் குறைத்தார்.

எல்லாக் கணிப்பான்களும் கேட்கத் தவறும் முதற்கேள்வி, இந்த மரத்தை வெட்டத்தான் வேண்டுமா என்பது. ஆஷ் மரத்தின் உச்சிப் பரப்பில் முப்பது சதவீதத்துக்குள்தான் காய்ந்திருக்கிறது என்றால், எமாமெக்டின் பென்சோயேட் என்ற மருந்தைத் தண்டுக்குள் செலுத்திக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஒரு முறை செலுத்தினால் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குக் காப்பு; கட்டணத்தை விட்டத்தின் அங்குலக் கணக்கில் வாங்குகிறார்கள். எங்கள் முன்வாசலில் 14 அங்குல விட்டத்தில் நிற்கும் இன்னோர் ஆஷ் மரம் இன்னும் பசுமையாகத்தான் இருக்கிறது. கொல்லை மரத்தைப் பார்க்க வந்த வல்லுநர் இதற்குச் சொன்ன மருந்துத் தொகை, இதை வெட்ட ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கட்டிக்கொண்டே வந்தால் பத்து ஆண்டுகளில் வெட்டும் கூலியைக் கிட்டத்தட்ட எட்டிவிடும் என்று என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டினார். பத்து ஆண்டுகளில் வெட்டும் கூலியும் ஏறியிருக்கும், அதுவரை கோடையில் வெயில் நேராக முன்னறைக்குள் விழாது என்பது என் வாதம். மருந்து செலுத்தத் தகுந்த காலம் இலைகள் முழுதும் விரிந்த பிறகு, மே மாதக் கடைசியில் தொடங்குகிறது என்பதால், மே மாதத்துக்கே நாள் கேட்டு வைத்திருக்கிறோம்.